இரண்டு எஸ்டேட்டுகளும் ஒரு குவளைப் பழத்தேநீரும்

அம்பத்தூரில் வாழ்பவர்களுக்கு 'எஸ்டேட்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். 1960களின் நடுவில் அரசு உருவாக்கிய தொழிற்பேட்டை அது. பேருந்தின் நெற்றியிலும் 'அம்பத்தூர் எஸ்டேட்' என்றே எழுதியிருக்கும். குன்னூரிலோ வால்பாறையிலோ இலங்கையின் அட்டனிலோ பிறந்த ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால் அவர் மனத்தில் எழும் காட்சி முற்றிலும் வேறு. தேயிலைச் சரிவுகளும் லயன் வீடுகளும் கொழுந்துக் கூடைகளும் நினைவுக்கு வரும். இந்த இரண்டு எஸ்டேட்டுகளுக்கும் இடையே ஒரு நீண்ட உறவு இருக்கிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கக் காரணமாக இருந்தது, சென்ற கோடையில் எங்கள் வீட்டில் திரிந்துபோன ஒரு பாத்திரம் மாம்பழத் தேநீர்.

விடுமுறைக்கு வந்திருந்த தங்கையின் மகள், "மாமா, கடையில் குடித்தோமே அந்த மேங்கோ மில்க் டீ, அதை வீட்டிலேயே செய்யலாமா?" என்று கேட்டாள். செய்யலாம் என்று சொல்லிவிட்டேன். வழக்கம்போல் தேயிலையையும் பாலையும் கொதிக்கவைத்து, அடுப்பில் இருக்கும்போதே பங்கனப்பள்ளி மாம்பழக் கூழை ஊற்றினோம். சில நொடிகளில் பால் திரிந்து, மஞ்சள் நீர் தனியாகவும் கட்டிகள் தனியாகவும் நின்றன. எட்டிப் பார்த்த அம்மா, "பாலையும் பழத்தையும் ஒண்ணா அடுப்புல ஏத்தலாமா? இதுகூடவா தெரியாது?" என்றார்.

அம்மாவின் விதி பழமையானது. பாலோடு புளிப்பான கனிகளைச் சேர்த்து உண்பதை, ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவுகளின் பட்டியலில் சரக சம்ஹிதை வைத்திருக்கிறது. வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட பழனிப் பஞ்சாமிர்தத்தில் தேன், நெய், சர்க்கரை, பேரீச்சை, ஏலம் எல்லாம் உண்டு, பால் கிடையாது. நோய் வரும் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட்டாலும் விதியின் அடியில் ஒரு சமையலறை உண்மை இருக்கிறது. பாலில் மிதக்கும் கேசின் என்னும் புரதம், அமிலத்தன்மை கூடி 4.6 என்ற அளவை நெருங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. பாலின் இயல்பான அளவு ஏறத்தாழ 6.7. பால் சூடாக இருந்தால் 4.6 வரை இறங்கவும் வேண்டியதில்லை, முன்னதாகவே திரிந்துவிடும். மாம்பழம் நாவுக்கு எவ்வளவு இனித்தாலும் அதில் அமிலம் உண்டு. தேநீரும் தன் பங்குக்குச் சற்று அமிலமானதே. மூன்றையும் அடுப்பில் ஒன்றுசேர்த்தால் வேறென்ன நடக்கும்?

ஆனால் அம்மாவின் சமையலறையில் எந்தத் தயக்கமும் இல்லாமல் இடம்பெற்றிருக்கும் தேநீருக்கு எவ்வளவு வயது? பழத்தேநீரை வெளிநாட்டு மோகம் என்று சொல்பவர்கள் இந்தக் கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீலகிரியில் தேயிலை முதன்முதலில் சோதனைக்காக நடப்பட்டது 1830களில், கேத்தியில். வணிகத் தோட்டங்கள் 1860களில்தான் எழுந்தன. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழிக்க, காப்பி நின்ற மலைகளில் தேயிலை ஏறியது. அப்போதும் அந்த இலை கப்பலேறி லண்டனுக்குப் போவதற்காகவே பறிக்கப்பட்டது. பறித்தவர்களோ சமவெளியில் இருந்த அவர்களுடைய உறவினர்களோ அதைக் குடிப்பார்கள் என்று தோட்ட முதலாளிகள் தொடக்கத்தில் எண்ணவில்லை.

அந்த எண்ணத்தைச் சந்தையின் நெருக்கடி மாற்றியது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது 1903இல் ஒரு தீர்வை விதிக்கப்பட்டு, அந்தப் பணம் தேநீரைப் பரப்பப் பயன்பட்டது. 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விலை சரிந்து, 1933 உடன்படிக்கையால் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, எஞ்சிய தேயிலையை இந்தியரைக் குடிக்கவைப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. 1937இல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, தெருக்களிலும் திருவிழாக்களிலும் ரயில் நிலையங்களிலும் தேநீர் போட்டுக் காட்டியது. எப்படித் தயாரிப்பது என்று பல மொழிகளில் பலகைகள் வைத்தது. மறுபக்கம் காந்தி, தேநீரின் துவர்ப்புப் பொருள் உடலுக்குக் கேடு என்று எழுதிவந்தார்.

இதில் ஒரு சுவையான முரண் உண்டு. தேயிலையைப் பாலோடு போட்டுக் கொதிக்கவைப்பதும் இஞ்சி, ஏலம் தட்டிப் போடுவதும் அந்தப் பிரச்சாரகர்களுக்குப் பிடிக்கவில்லை. தேயிலையின் செலவு குறைந்துவிடும் என்பது அவர்கள் கவலை. மக்களோ தங்கள் விருப்பப்படியே செய்தார்கள். 1930களின் தொடக்கத்தில் அசாமில் உருவான 'சிடிசி' எந்திரம் அவர்களுக்குத் துணைசெய்தது. இலையை நசுக்கி, கிழித்து, உருட்டிக் குருணையாக்கும் அம்முறை, சிறிதளவு தூளிலேயே அடர்ந்த சாற்றைத் தந்தது. பால் எவ்வளவு ஊற்றினாலும் நிறமும் மணமும் நின்றன. தேநீரில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் பாலின் கேசினோடு பிணைந்துகொள்வதால் நாவில் துவர்ப்பும் குறைகிறது. நாம் இன்று மரபு என்று நம்பும் பால் தேநீர், விற்றவர்களின் அறிவுரையை மீறிக் குடித்தவர்கள் உண்டாக்கியது.

காப்பி எவ்வாறு தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். தேநீர் உழைப்பவர்களின் பானமாயிற்று. சென்னையின் மேற்குப் புறநகருக்கு இது மிகவும் பொருந்தும். 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச மாதிரிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. 1961இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. பிறகு தொழிற்பேட்டை. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் ஷிப்டு நேரம் புகுந்தது. ஷிப்டு மாறும் வாசல்களில் தேநீர்க் கடைகள் முளைத்தன. பத்து நிமிட இடைவேளைக்குள் குடித்து முடிக்கக்கூடிய, சர்க்கரையும் பாலும் சேர்ந்து பசியையும் சற்று அடக்கக்கூடிய பானம் வேறு எது?

பாலும் இங்கே ஒரு தொழிலாகத்தான் வந்து சேர்ந்தது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம், முதற்கட்டத்தில் நான்கு பெருநகரங்களைக் கிராமப் பால் கூட்டுறவுகளோடு இணைத்தது. அவற்றில் சென்னையும் ஒன்று. 'ஆவின்' என்ற பெயரைத் தமிழ் இலக்கணத்தில் பழகியவர்கள் உடனே பிரித்துப் படிப்பார்கள். ஆவினது பால். அம்பத்தூர்ப் பால்பண்ணையிலிருந்து விடியற்காலையில் புறப்படும் வண்டியும் மாத அட்டையும் இங்குள்ள வீடுகளின் நாள்காட்டியில் ஒரு பகுதி. தொழுவம் இல்லாத வீட்டிலும் மூன்று வேளைத் தேநீர் சாத்தியமாயிற்று.

இனி மற்ற எஸ்டேட்டுக்கு வருகிறேன். மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் இலங்கை மலைகளில் தேயிலை வளர்த்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக, தீர்க்க வேண்டிய கடன் எழுதப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டு அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1921இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்துவிட்டு, மீதியைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றது. திரும்பிவந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே, 1976இல் 'டான்டீ' என்னும் கழகமாயிற்று. கடல் கடந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது மறுபடியும் ஓர் எஸ்டேட்.

இது முடிந்துபோன கதையும் இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்த, 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட அந்த நிலத்தின் கெடு 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், தோட்டம் மூடப்படுவதாகத் தொழிலாளர்களுக்கு அறிவிக்கப்பட்டது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் எங்கே இறங்கிப் போவது என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது.

இந்தப் பின்னணியில்தான் மாம்பழ மில்க் டீயைப் பார்க்கிறேன். பழமும் பாலும் தேநீரும் கலந்த இந்தக் கடைப் பானங்கள், 1980களில் தைவானில் பிறந்த முத்துத் தேநீரின் வழியே உலகெங்கும் பரவியவை. முதலில் செய்தவர் யார் என்று தைச்சுங் நகரக் கடை ஒன்றும் தைனான் நகரக் கடை ஒன்றும் பத்தாண்டு வழக்காடி, 2019இல் அது எவருக்கும் தனியுரிமை இல்லை என்று முடிந்தது. அந்தத் 'முத்து' நமக்கு அந்நியமானதே இல்லை. மரவள்ளிக் கிழங்கின் மாவில் உருட்டியது. நம் ஜவ்வரிசியின் பெரிய உடன்பிறப்பு. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி தடைப்பட்டபோது சேலத்தில் வளர்ந்த ஜவ்வரிசித் தொழிலுக்கு 1981 முதல் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவே உண்டு.

அந்தப் பானங்களில் பல கடைகளில் இல்லாதது பழம். பால் திரியும் தொல்லையைத் தவிர்க்க எளிய வழி, பழத்தை நீக்கிவிட்டு அதன் மணத்தை மட்டும் வைத்துக்கொள்வது. இதுவும் புதிதன்று. 1851 லண்டன் பெருங்கண்காட்சியிலேயே வேதியியலர் செய்த பேரி, ஆப்பிள், அன்னாசி எசன்சுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வாழைப்பழ வாசனையைத் தருவது ஐசோஅமைல் அசிடேட் என்ற ஒற்றைப் பொருள். அதைச் செய்ய வாழைத் தோட்டம் வேண்டியதில்லை. அதில் உழைப்பவரும் வேண்டியதில்லை.

உண்மையான பழத்தோடு செய்ய முடியாதா? முடியும். விடை நம் தெருமுனைக் கடையிலேயே இருந்தது. அங்கே டீ மாஸ்டர் தேயிலையைத் துணி வடிகட்டியில் ஒருபுறமும் பாலை மற்றொருபுறமும் வைத்திருக்கிறார். இரண்டும் சந்திப்பது கண்ணாடித் தம்ளரில்தான். அந்த ஒழுங்கைப் பின்பற்றினால் போதும். ஒரு தம்ளர் நீரில் இரண்டு தேக்கரண்டித் தூள் போட்டு நான்கு நிமிடம் வைத்து வடித்து, சர்க்கரை கலந்து நன்றாக ஆறவிட வேண்டும். காய்ச்சிய பால் அரைத் தம்ளர், குளிரட்டும். பழத்தில் சப்போட்டாவே முதல் தேர்வு. புளிப்பு மிகக் குறைவு. நன்கு கனிந்த ஒரு பழத்தைத் தோலும் கொட்டையும் நீக்கி மசித்து, முதலில் குளிர்ந்த பாலில் கலந்து, கடைசியில் ஆறிய சாற்றை மெல்ல ஊற்ற வேண்டும். மாம்பழம்தான் வேண்டுமென்றால், முற்றப் பழுத்ததை எடுத்துச் சர்க்கரையோடு கெட்டியாகக் கிளறி ஆறவைத்து, இரண்டு கரண்டிக்கு மேல் போகாமல் சேர்த்து, உடனே குடித்துவிட வேண்டும். அன்னாசியும் பப்பாளியும் பச்சையாகக் கூடாது. அவற்றின் நொதிகள் பாலின் புரதத்தையே சிதைத்துக் கசப்பாக்கிவிடும். எலுமிச்சைக்குப் பால் இல்லாத தேநீர்தான் துணை.

இரண்டாம் முறை பால் திரியவில்லை. கோயம்பேட்டில் வாங்கிய சப்போட்டாவின் மணலான இனிப்பும் தேயிலையின் துவர்ப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் நின்றன. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "அடுப்புல ஏத்தலையே, அதான்" என்றார். விதியை மீறாமல்தான் வென்றோம் என்பதில் அவருக்கு நிறைவு.

தங்கையின் மகள் தேயிலைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன கதைகளில் எந்த மலையிலிருந்து இது வந்தது என்று தேடுகிறாளாம். விற்பனை நிறுவனத்தின் முகவரி, உரிம எண், எடை, விலை, நாள் எல்லாம் இருந்தன. எந்தத் தோட்டம் என்பது இல்லை. "பறித்தவர்கள் பேர் எழத மாட்டாங்களா, மாமா?" என்று கேட்டாள். பல தோட்டங்களின் இலையைக் கலந்துதான் தூள் செய்கிறார்கள் என்று விளக்கினேன். அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.