எண்களின் கதை - 9: மூலைவிட்டம் காட்டிய எண்

சென்ற வாரம் பாபிலோனியரின் 60 அடிமான எண்முறையைப் பார்த்தோம். அந்த முறையில் எழுதிய ஒரு களிமண் பலகை இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும், வயதோ 3,600 ஆண்டுகளுக்குக் குறையாது. அதில் ஒரு சதுரம், குறுக்கே இரண்டு மூலைவிட்டங்கள். பக்கத்தின் அருகே 30 என்ற எண். மூலைவிட்டத்தை ஒட்டி 1, 24, 51, 10 என்று ஆப்பெழுத்துகள். நம் தசமத்துக்கு மாற்றினால் 1.414212... வரும். சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் 2-இன் வர்க்கமூலம் 1.414213... ஐந்து தசம இடங்கள் வரை பிசகவே இல்லை!

இவ்வளவு நெருங்கியவர்கள் இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் சரியான பின்னத்தையே பிடித்திருக்கலாமே? முடியாது, எவராலும் முடியாது என்று நிறுவியவர்கள் கிரேக்கர்கள். அப்படி ஒரு பின்னம் இருப்பதாக வைத்துக்கொண்டு, இனிச் சுருக்க இயலாதபடி அதைச் சுருக்கிவிடுவோம். தொகுதியின் வர்க்கம், பகுதியின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு. எனவே தொகுதி இரட்டைப்படை. இரட்டைப்படையின் வர்க்கம் நான்கால் வகுபடும். எனவே பகுதியும் இரட்டைப்படையாகிறது. இரண்டும் இரட்டைப்படை என்றால் மீண்டும் சுருக்கலாமே! முழுக்கச் சுருக்கியாயிற்று என்றுதானே தொடங்கினோம்? ஆக, அப்படியொரு பின்னம் கிடையாது. இப்படிப் பின்னமாக எழுத முடியாத எண்ணைத்தான் விகிதமுறா எண் என்கிறோம்.

இந்த ரகசியத்தை வெளியிட்ட ஹிப்பாசஸைப் பித்தகோரஸின் சீடர்கள் கடலில் மூழ்கடித்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட குறிப்புகளிலிருந்து வளர்ந்த கதை. வரலாறாகக் கொள்ள ஆதாரம் போதாது.

கதையைவிடக் கணக்கில்தான் பிழைகள் அதிகம். தசமம் முடியாமல் போனாலே விகிதமுறா எண் என்று நினைப்பவர்கள் உண்டு. 1/3-ஐ எழுதிப் பாருங்கள்: 0.333... அதுவும் முடிவதில்லை, ஆனால் அது பின்னம்தான். முடியாமலும், ஒரே இலக்கக் கூட்டம் சுழன்று வராமலும் போவதுதான் விகிதமுறா எண்ணின் அடையாளம். பை என்பது 22/7 என்பது இன்னொரு பிழை. 22/7 என்பது 3.1428...; பையோ 3.1415... பையை எந்தப் பின்னத்தாலும் எழுத முடியாது என்று 1760-களில் நிறுவினார் கணித அறிஞர் லாம்பர்ட்.

விகிதமுறா எண்கள் எங்கோ அபூர்வமாகத் தென்படுபவை என்று எண்ணுவதும் தவறு. 1874-இல் ஜெர்மானிய அறிஞர் கேன்டர் வெளியிட்ட கட்டுரை அதைத் தகர்த்தது. பின்னங்கள் அனைத்தையும் ஒன்று, இரண்டு, மூன்று என வரிசை எண் கொடுத்து அடுக்கிவிடலாம். விகிதமுறா எண்களை அப்படி அடுக்கவே முடியாது. இரண்டு கூட்டங்களும் முடிவற்றவைதான். ஆனாலும் ஒன்று மற்றதைவிடப் பெரிது. முடிவிலியிலும் சிறிது பெரிது உண்டு!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து மூலைவிட்டத்தை இழுத்துக் காட்டுங்கள். கோடு ஒரு மூலையில் தொடங்கி எதிர்மூலையில் முடிகிறது. அதன் நீளத்தில் எந்தக் குறையும் இல்லை. முடியாமல் நீள்வது நாம் எழுதும் தசமம் மட்டுமே. இதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு 22/7-ஐச் சொல்லிக்கொடுங்கள்.