மூன்றாவது நாடா

தீபாவளிக்கு முந்தின வாரம், தேக்காவில் ஒரு மாடிக் கடையில் அம்மாவுக்குப் பட்டுப்புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். மயில்நீல உடல், அரக்குக் கரை. புரட்டிப் பின்பக்கம் பார்த்தேன்.

"அக்கா, இது கோர்வையா?"

"இல்ல தம்பி. கோர்வை ஒன்னு உள்ள அலமாரியில இருக்கு. விலை கேட்டா விட்டுட்டுப் போயிடுவீங்க."

காஞ்சிபுரத்துக் கோர்வையில் உடலுக்கு ஒரு நிற ஊடை, இரண்டு கரைக்கும் வேறு நிற ஊடை. ஆக மூன்று நாடாக்கள். ஒவ்வொரு வரியிலும் இரு நிற இழைகளும் எல்லையில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். ஒட்டும் இல்லை, தையலும் இல்லை. அந்த எல்லையில் முக்கோணங்கள் வரிசையாக ஏறினால் கோயில் கரை. கரைக்குள் யாளி, அன்னம், இருதலைப்பட்சி, ருத்ராட்சம், மயில்கண்.

இந்த உருவங்களை ஜக்கார்டு வருமுன் நினைவில் வைத்திருந்தது 'அடை'. எந்தப் பாவு இழை எப்போது எழும்ப வேண்டும் என்பதை நூலால் கட்டித் தறிமேல் தொங்கவிட்ட ஏற்பாடு அது. லாவோஸ் பெண்களும் தங்கள் நாக உருவத்தை இப்படித்தான் நூல் கண்ணிகளில் சேமிக்கிறார்கள். ஜக்கார்டின் துளை அட்டை கணினிக்கு முன்னோடி என்று பொறியியல் வகுப்பில் படித்தேன். அடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

1937இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் நெசவு மையம் தொடங்கிப் பழைய கரைகளை மீட்டார். 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைப்படலாம், சரி. ஆனால் மூன்றாவது நாடாவை யார் எறிந்தார்கள்?

நெசவாளர் ஒருவர் கைக்கு அது எட்டாது. பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். பல தறிகளில் நெடுங்காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தது சிறுபிள்ளைகள், பலர் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக. நாம் பாட்டியின் புடவையை வருடி "அந்தக் காலத்து வேலைப்பாடு" என்கிறோமே, அதில் அவர்கள் தவறவிட்ட பள்ளிக்கூடமும் இருக்கலாம்.

கோர்வை அருகிவருவதற்குத் துணையாள் கிடைக்காததும் ஒரு காரணம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதால் வந்த இழப்பு என்றால், அதற்காக என்னால் அழ முடியாது. கலை பிழைக்க வேண்டுமென்றால் இரண்டு பெரியவர்களின் கூலியைப் புடவை விலையில் நாம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அக்காவிடம் அந்த அலமாரிப் புடவையின் விலையைக் கேட்டேன். அவர் சொன்னதுதான் நடந்தது. விட்டுவிட்டு வந்தேன்.