சேது என்றால் வரப்பு



நம்ம மூக்கண்டப்பள்ளி, ஓசூர் பக்கம் ஒரே டீக்கடையில் மூன்று பாஷை கேட்கும். ஆற்றைக் கடக்கிற பாதையை நாம் பாலம் என்கிறோம். தெலுங்கு பேசுகிறவர் வாரதி என்பார், வந்தென என்பார். கன்னடம் பேசுகிறவர் சேதுவெ என்பார். இந்தச் சேதுவெ நமக்குப் புதுசு இல்லை. ராமேஸ்வரத்துச் சேதுதான் அது. ராமநாதபுரம் மன்னர்களுக்குச் சேதுபதி என்று பட்டம். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தங்கள் காசில் 'சேது' என்று தமிழ் எழுத்திலேயே பொறித்தார்கள்.

சரி, சேது என்றால் என்ன அர்த்தம்? வடமொழியில் 'கட்டுதல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல் இது. மண்ணை அணைத்துப் போட்ட மேடு, ஏரிக்கரை, அணைக்கட்டு, பாலம் எல்லாமே சேதுதான். ஒருத்தர் வயலையும் பக்கத்து வயலையும் பிரிக்கிற மேட்டுக்கும் அதே பெயர்தான். அதாவது, நீங்கள் மண்வெட்டியால் அண்டை வெட்டிப் பூசுகிறீர்களே, அந்த வரப்பும் சேதுவே! கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் பாசனத்துக்காகக் கட்டுகிற கரைக்கும் அணைக்கும் இந்தச் சொல்லே வருகிறது.

தமிழிலும் கதை இதேதான். ராமர் கட்டிய சேதுவுக்குத் திருவணை என்று பெயர் உண்டு. இன்றைக்கு அணை என்றால் தண்ணீரைத் தேக்குவது. அந்தக் காலத்தில் தண்ணீரைக் கடக்கிற பாதையும் அணைதான். கன்னடத்தில் ஏரி என்றால் கரையைக் குறிக்கும், தண்ணீர் நிற்கிற இடம் கெரெ. நமக்கோ தண்ணீர் நிற்கிற இடமே ஏரி. ஓசூர்ச் சந்தையில் இதனால் வருகிற குழப்பம் தனிக் கதை.

கரைக்கும் பாதைக்கும் ஏன் ஒரே பெயர்? தண்ணீருக்கு நடுவே கால் நனையாமல் நடக்கக் கரையின் தலைப்பும் ஒரு பாதைதான். கரை போட்டது தண்ணீரை நிறுத்த. நடந்தது கிடைத்த லாபம். இன்றைக்கும் எத்தனையோ கிராமங்களில் ஏரிக்கரைதானே ரோடு?

இங்கிலீஷ்காரன் இதைக் காஸ்வே என்றான். அதில் 'வே' என்றாலே வழி. 'காஸ்' என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சுண்ணாம்புக் கல்லைக் குறிக்கும் 'கால்க்ஸ்' என்பது அதன் மூலம் என்பார்கள். குதிகாலுக்கும் லத்தீனில் அதே சொல் என்பதால், மிதித்து மிதித்து இறுகிய பாதை என்று பொருள் சொல்வாரும் உண்டு. அமில நிலத்துக்கு நாம் சிபாரிசு செய்கிற சுண்ணாம்பில் இருக்கிறதே கால்சியம், அந்தப் பெயரும் இந்தக் 'கால்க்ஸி'லிருந்து பிறந்ததுதான்.

நம்ம பக்கத்துச் சொல் தரைப்பாலம். தென் மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழரிடமும் தாம்போதி என்பார்கள். எனக்குப் பிடித்த சொல் தரைப்பாலம்தான், விஷயத்தை மறைக்காமல் சொல்கிறது. தரையோடு தரையாகக் கிடக்கிற பாலம். சாதாரண நாளில் தண்ணீர் அடியிலுள்ள குழாய் வழியே போகும். வெள்ளத்தில் மேலே ஏறிப் போகும். அப்படிப் போகட்டும் என்றே கட்டியது.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து நம்மிடம் வருகிறது. கெலவரப்பள்ளி அணையின் முழு மட்டம் 44.28 அடி. மேலே மழை பெய்து வரத்து கூடினால் மதகைத் திறப்பார்கள். இங்கே வெயில் காயும், ஆற்றிலோ வெள்ளம் வரும். அதோடு நுரையும் பொங்கி வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நுரை மூடினால் பாலத்தின் ஓரம் எது, ஆறு எது என்றே தெரியாது. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் குழாயை அடைத்துவிட்டால், கொஞ்சம் தண்ணீரே மேலே ஏறிவிடும். அப்போது அந்தப் பாலம் நிஜமாகவே பழைய அர்த்தத்துச் சேதுவாகிவிடுகிறது, தண்ணீரைக் கட்டி நிறுத்துகிற கரையாக!

ஒரு கன அடி தண்ணீர் ஏறக்குறைய 28 கிலோ. ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளும். ஒரு அடி இருந்தால் காரை மிதக்க வைக்கும். இரண்டு அடியானால் பெரிய வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். "டிராக்டர்தானே, கனம் இருக்கே, போயிடலாம்" என்று நம் ஆட்கள் சொல்வது காதில் விழுகிறது. இலங்கையில் அம்பாறை மாவட்டம் மாவடிப்பள்ளி அருகே 2024 நவம்பர் 26ஆம் தேதி, வெள்ளம் ஓடிய ரோட்டில் மத்ரசா மாணவர்களை ஏற்றிப் போன டிராக்டர் கவிழ்ந்தது. மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகும் உடனே மாட்டு வண்டியை இறக்க வேண்டாம். மேலிருந்து விழுகிற தண்ணீர் பாலத்தின் கீழ்ப்பக்கத்து மண்ணைக் குடைந்துவிடும். மேலே தளம் முழுசாகத் தெரியும், அடியில் மண் இருக்காது. ஒரு ஆள் கரையோடு நடந்து போய்க் கீழ்ப்பக்கம் எட்டிப் பார்க்கட்டும். குழி விழுந்திருந்தால் இரண்டு பக்கமும் முள் வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிட்டு, பஞ்சாயத்தில் சொல்லுங்கள்.