கண்ணுக்குள் ஒரு பிளாஸ்டிக்: புரதம் முதலில், செல் பிறகு

விரலில் முள் ஏறினால் இரண்டு நாளில் சீழ் வைக்கிறது. ஆனால் கண்புரை ஆபரேஷனில் உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் லென்ஸை, உடம்பு ஆயுசு முழுக்கப் பொறுத்துக்கொள்கிறது. ஏன்?

இதை முதலில் கவனித்தவர் லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் காக்பிட் மூடியின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தெறித்தன. அவை உள்ளேயே கிடந்தும் கண் பெரிதாக எதிர்க்கவில்லை. பெர்ஸ்பெக்ஸ் என்பது பிஎம்எம்ஏ என்ற பாலிமர். அதிலேயே லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு வைத்தார்.

"கண் அதை ஏற்றுக்கொண்டது"னு கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். அது பாதிதான். எந்தப் பிளாஸ்டிக்கும் உடம்புக்குள் வெறுமையாக இருப்பதில்லை. சில நொடிகளிலேயே அதன் மேல் புரதம் படிந்துவிடும். பின்னால் வரும் செல் பிளாஸ்டிக்கைத் தொடுவதே இல்லை; இந்தப் புரதப் படலத்தைத்தான் தொடுகிறது. படலமும் நிலையானதல்ல. எண்ணிக்கையில் அதிகமான ஆல்புமின் முதலில் சீட் பிடிக்கும். அப்புறம் ஒட்டும் தன்மை கூடிய வேறு புரதம் வந்து அதை எழுப்பிவிட்டு உட்காரும். 1960களில் ரத்தத்தில் இதைக் காட்டிய லியோ வ்ரோமன் பெயரால் இது வ்ரோமன் விளைவு எனப்படுகிறது.

ஆக, மேற்பரப்பை மாற்றினால் படியும் புரதம் மாறும்; புரதம் மாறினால் ஒட்டும் செல்லும் மாறும். லென்ஸ் செய்தவர்கள் இதை இரண்டு எதிரெதிர் வழிகளில் பயன்படுத்தினார்கள்.

ஒன்று, ஒட்டவிடாமல் செய்வது. 1980களில் ஸ்வீடனின் ஃபார்மேசியா, பிஎம்எம்ஏ லென்ஸின் மேல் ஹெப்பாரின் பூசியது. தண்ணீரை விரும்பும் அந்தப் பூச்சின் மேல் அழற்சி செல்கள் குறைவாகவே குடியேறின.

இன்னொன்று, நன்றாக ஒட்டவைப்பது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. புரையை எடுத்தபின் அது இருந்த மெல்லிய பையை விட்டுவைத்து, அதற்குள் லென்ஸை வைக்கிறார்கள். பையில் மிஞ்சிய செல்கள் பின்சுவரில் ஊர்ந்து பரவினால், சில வருஷங்களில் பார்வை மறுபடி மங்கும். யாக் லேசரில் சில நிமிஷ வேலைதான் அது. ஆனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் ஒரு முதியவருக்கு, அந்தச் சில நிமிஷம் என்பது துணைக்கு ஓர் ஆள், இரண்டு பேரின் ஒருநாள் கூலி, மலை இறங்கி ஏறும் பஸ். பல பேர் "வயசாச்சு, அவ்வளவுதான்"னு இருந்துவிடுவார்கள்.

1990களில் வந்த ஹைட்ரோஃபோபிக் அக்ரிலிக் லென்ஸ்களில் இந்த மங்கல் குறைந்தது. பின்லாந்து மருத்துவர் ரெய்யோ லின்னோலா சொன்ன விளக்கம்: ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம் அந்த லென்ஸில் நன்றாகப் பிடித்து, பையோடு சேர்த்துப் பசைபோல ஒட்டுகிறது; செல்கள் பரவ இடைவெளி கிடைப்பதில்லை.

ஆனால் அந்த லென்ஸ் விலை அதிகம். நம்ம ஊரில் பிரச்சினையே விலைதான். புரை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடியோடு அனுப்பிய காலம் ரொம்பப் பழசில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அதனால்தான் 1992இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனத்தை ஆரம்பித்தது. நூறு டாலர் அளவில் இறக்குமதியான பிஎம்எம்ஏ லென்ஸ் பத்து டாலருக்கு வந்தது; பிறகு இன்னும் இறங்கியது.

மலிவான அதே பிஎம்எம்ஏ-வில் மங்கலைக் குறைக்க முடியுமா? அக்ரிலிக் லென்ஸின் வெற்றியில் பசைக்கு மட்டுமல்ல, அதன் கூரான விளிம்புக்கும் பங்கு உண்டு என்று ஜப்பானின் நிஷி காட்டியிருந்தார். விளிம்பு பையை அழுத்தி மடக்கும் இடத்தில், ஊர்ந்து வரும் செல் நின்றுவிடுகிறது. அரவிந்தில் உருண்டை விளிம்பு, சதுர விளிம்பு பிஎம்எம்ஏ லென்ஸ்களை ஒப்பிட்டு ஒன்பது வருஷம் கண்காணித்தார்கள். 2017இல் வெளியான முடிவு: சதுர விளிம்பில் மங்கல் தெளிவாகக் குறைவு.

பூச்சும் பசையும் செல்லுக்கு வேதியியல் மொழியில் சொன்னதை, ஒரு விளிம்பு வடிவத்தால் சொல்லிவிட்டது. கூடுதல் செலவு அதிகமில்லை. மலையிலிருந்து இரண்டாவது தடவை இறங்கி வரும் பயணம் பலருக்கு மிச்சம்.