வெள்ளி மாடத்து விண்மீன்கள்

ஊர்விட்டு வந்தோரைப் பெருநகரம் எளிதில் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நாம் இதனை நன்கு அறிவோம். அத்தகைய பெருநகரமான நியூயார்க்கில், மனிதரை உற்றுப் பார்ப்பதையே கலையாகக் கொண்ட கூடம் ஒன்று 1960-களில் இருந்தது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கூடத்தின் தலைவர் ஆண்டி வார்ஹோல். கார்ப்பேத்திய மலைநாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய உழைப்பாளர் குடும்பத்தில், 1928-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். 1949-இல் நியூயார்க் வந்து, விளம்பரச் சித்திரங்கள் வரைந்து முன்னேறினார். 1962-இல் கடைகளில் விற்கும் சூப்பு டப்பாக்களை 32 ஓவியங்களாகத் தீட்டிப் புகழும் ஏச்சும் ஒருங்கே பெற்றார். 1964-இல் கிழக்கு 47-ஆம் தெருவில் ஒரு மாடிக்குக் குடிபுகுந்தார். நண்பர் பில்லி நேம் அதன் சுவர்களை வெள்ளித் தாளாலும் வெள்ளி வண்ணத்தாலும் மூடினார். 'தொழிற்சாலை' என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. கவிஞர், பாடகர், செல்வர் வீட்டுப் பிள்ளைகள், போக்கிடம் இல்லாதோர் அனைவரும் அங்கே கூடினர்.

வருவோரை நாற்காலியில் அமர்த்தி, அசையாமல் காமிராவை நோக்கச் செய்து, ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் ஓசையின்றிப் படம் பிடிப்பது அங்கு வழக்கமாயிற்று. 1966 வரை நூற்றுக்கணக்கான முகங்கள் இவ்வாறு பதிவாயின. கதையும் இல்லை, வசனமும் இல்லை. திரையில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதால், இமை துடிப்பதும் பெரு நிகழ்ச்சியாகத் தோன்றும். அம்மாடியில் வளர்ந்த நடிகர்களுக்குச் 'சூப்பர்ஸ்டார்' என்னும் பட்டமும் கிடைத்தது. 1966-இல் இரண்டு காட்சிகளை அருகருகே திரையிட்ட 'செல்சி கேர்ள்ஸ்' என்னும் படம், இவர்களைப் பொதுத் திரையரங்குகளுக்கும் கொண்டு சென்றது.

இவர்களுள் இருவரை நினைவுகூர்வோம். பழம்பெரும் செல்வக் குடியில் பிறந்த ஈடி செட்ஜ்விக், 1965-இல் வார்ஹோலின் படங்களில் தோன்றி நகரத்தையே மயக்கினார். ஓராண்டளவில் அக்கூட்டத்தை விட்டு விலகினார். மருந்துப் பழக்கத்தினின்று அவரால் மீள இயலவில்லை; 1971-இல் 28-ஆம் வயதில் மறைந்தார். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த திருநங்கை ஹாலி வுட்லான், இளம் வயதிலேயே வீட்டை விட்டு, வழியில் வந்த வண்டிகளில் இடம் கேட்டு நியூயார்க் சேர்ந்தவர். 1970-இல் வெளிவந்த 'டிராஷ்' படத்தில் அவர் நடிப்பைக் கண்டு, ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் எடுத்துக்கொள்ளப்பட வேண்டுமென ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் குக்கோர் குரல் கொடுத்தார். ஆயினும் அப்படத்தால் ஹாலிக்குக் கிடைத்த ஊதியம் சொற்பமே.

1968 ஜூன் 3 அன்று, வார்ஹோலின் படமொன்றில் நடித்திருந்த வேலரி சொலானஸ் என்பவர் அவரைச் சுட்டார். வார்ஹோல் உயிர் தப்பினார். 1987 வரை வாழ்ந்தார். ஆனால் யாரும் வரலாம் என்றிருந்த கதவு, அதன்பின் முன்போல் திறந்திருக்கவில்லை.

இவர்களை யாரும் வற்புறுத்தி அழைத்து வந்ததில்லை. வேறெங்கும் ஏற்கப்படாத பலருக்கு, தம் முகத்தையும் பார்க்கத் தக்கதென்று காட்டிய முதல் இடம் அதுவே. அம்மயக்கத்தைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. எனினும், அன்று எடுத்த படச்சுருள்களை நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகம் இன்று கவனமாய்ப் பேணி வருகிறது. அச்சுருள்களில் தோன்றிய மனிதருள் பலருக்கு, வாழ்ந்த காலத்தில் அத்தகைய பேணுதல் வாய்க்கவில்லை.