காப்பீடு

காப்பீடு (பெயர்ச்சொல்): இழப்போ செலவோ நேரும்போது உரிய தொகையைத் தருவதாக, முன்கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு நிறுவனம் செய்யும் ஒப்பந்தம். 'கா' என்னும் வினையடியாகப் பிறந்த 'காப்பு' என்பதும், 'இடு' என்னும் வினை முதல் நீண்டு அமைந்த, பதிலாகத் தரும் பொருளைக் குறிக்கும் 'ஈடு' என்பதும் இணைந்த இச்சொல் தமிழ்நாட்டு வழக்கு. இலங்கைத் தமிழில் இதற்கு ஈடாக வழங்குவது, உறுதிமொழியை முன்னிறுத்தும் 'காப்புறுதி'.

சிவா விஷ்ணு ஆலயத்தால் தமிழர் நன்கறிந்த மெல்பேர்ன் புறநகரான கேரம் டவுன்ஸில் இரு வழக்கும் உண்டு. மருத்துவம் பற்றிய பேச்சில் அங்கு இச்சொல் குறிப்பது, 1984இல் தொடங்கிய மெடிகேர் என்னும் அரசுத் திட்டத்துக்கு மேல், விரும்புவோர் எடுக்கும் தனியார் மருத்துவமனைக் காப்பீட்டையே. இதனைத் துணைக் காப்பீடு எனலாம். தனியார் நோயாளியாகச் சேர்பவரின் மருத்துவர் கட்டணத்தில், அரசு வகுத்த விலையின் 75 விழுக்காட்டை மெடிகேரும் எஞ்சிய 25 விழுக்காட்டைக் காப்பீட்டு நிறுவனமும் ஏற்கின்றன. படுக்கை, அறுவை அரங்கு ஆகியவற்றுக்கான தனியார் மருத்துவமனைக் கட்டணத்தை மெடிகேர் ஏற்பதில்லையாதலால், அதனை ஒப்பந்தத்தின் வரம்புக்குட்பட்டுக் காப்பீடே தாங்குகிறது. மருத்துவர் அரசு விலையைக் கடந்து வாங்கும் தொகையில் நோயாளியின் தலையில் விழுவது 'கேப்' எனவும், மருத்துவமனையில் சேரும்போது உறுப்பினர் முதலில் கட்டவேண்டிய தொகை 'எக்ஸஸ்' எனவும் வழங்கும். எனவே துணைக் காப்பீடு முழு ஈடு அன்று. இவ்விரு தொகைகளையும் சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம்.