தொழுவத்துத் தூசியும் குழந்தையின் மூச்சும்

கோடைதோறும் தம்மை வாட்டிய தும்மலையும் கண்ணரிப்பையும் மூச்சுமுட்டையும், தம்மையே நோயாளியாகக் கொண்டு, 1819ஆம் ஆண்டில் எழுதிவைத்தார் இலண்டன் வைத்தியர் ஜோன் பொஸ்ரொக். பின்னர் அந்நோய்க்கு வைக்கோற் சுரம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. வைக்கோல் அதற்குக் காரணமுமன்று, அது சுரமுமன்று. பெயர்மட்டும் நிலைத்துவிட்டது. மகரந்தமே அதனை விளைப்பது என்பதை மஞ்செஸ்ரர் நகர வைத்தியர் சாள்ஸ் பிளாக்லி 1873இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அவர் கண்ட புதுமை ஒன்றுண்டு. மகரந்தத்தினிடையே நாள் முழுவதும் உழலும் உழவரை விட்டு, கற்றோரையும் நகரத்தாரையுமே அந்நோய் நாடிச் சென்றது. இதன் காரணம் நூறாண்டுக்கு மேலாக விளங்காதிருந்தது.

அதற்கிடையில் பாஸ்ரரும் கொக்கும் நோய்க்கிருமிகளை உலகுக்குக் காட்டினர். கிருமி என்றாலே பகை என்னும் எண்ணம் வேரூன்றியது. தூய நீரும் சவர்க்காரமும் எண்ணற்ற குழந்தைகளைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் செல்வ நாடுகளில் தொற்றுநோய் குறையக் குறைய, ஒவ்வாமையும் தொய்வும் பெருகலாயின.

1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்னும் ஆங்கில ஆய்வாளர், 1958இல் பிறந்த பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட பிரித்தானியரின் விவரங்களை ஆராய்ந்து, மூத்த உடன்பிறந்தார் மிகுந்த வீட்டில் வைக்கோற் சுரம் குறைவெனக் கண்டார். அதே ஆண்டில் பேர்லின் மதில் வீழ்ந்தது. கரிப்புகை சூழ்ந்த கிழக்கு ஜேர்மனியிலேதான் ஒவ்வாமை மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்தார் மியூனிக் நகரக் குழந்தை வைத்தியர் எரிக்கா ஃபொன் முற்றியஸ். கண்டதோ அதற்கு மாறு: மேற்கிலேயே அது மிகுதி. பின்னர் அவரும் பிறரும் அல்ப்ஸ் மலைப்புறத்துப் பண்ணைகளை நாடினர். பிறந்த முதலாண்டிலேயே மாட்டுத் தொழுவத்தில் பழகிய குழந்தைகளிடம் தொய்வும் ஒவ்வாமையும் அரிதாயிருந்தன.

இவ்வாய்வுகளுள் மிகத் தெளிவானது 2016இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அமிஷ், ஹற்றறைற் என்பன ஐரோப்பாவிலிருந்து குடியேறிய இரு கிறித்தவ சமூகங்கள். மரபுவழியில் நெருங்கியவை, உணவும் குடும்பப் பருமனும் ஏறத்தாழ ஒன்றே. வீட்டினுள் பிராணி வளர்க்கும் வழக்கம் இரண்டிலும் இல்லை. ஆனால் அமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுது, வீட்டருகே பசுக்களை வளர்ப்பவர். அவர்தம் குழந்தைகள் தொழுவத்திலேயே விளையாடுவர். ஹற்றறைற் மக்களின் பண்ணைகளோ இயந்திரமயமானவை, வீட்டிலிருந்து விலகியிருப்பவை. தொய்வு கண்ட குழந்தைகள் முன்னவரிடையே நூற்றுக்கு 5.2, பின்னவரிடையே 21.3. இரு சாரார் வீட்டுத் தூசியையும் அளந்தபோது, பற்றீரியாவின் புறச்சுவரிலிருந்து உதிரும் பொருள் அமிஷ் வீடுகளில் 6.8 மடங்கு மிகுந்திருந்தது. அத்தூசியின் சாரத்தைச் சுண்டெலிகளின் மூக்கிலிட்டபோது அவை தொய்வினின்றும் காக்கப்பட்டன. மற்றைத் தூசி அக்காப்பை அளிக்கவில்லை. உடலின் முதற்காவலாகிய நோயெதிர்ப்பைச் செயலறச் செய்த எலிகளிடத்தோ அமிஷ் தூசியும் பயன்படவில்லை. தூசி தானே மருந்தன்று. இளமையில் அக்காவலைப் பயிற்றுவதே அதன் தொழில் எனக் கொள்ளலாம்.

பசுவின் வேலையை நகரத்து வீட்டு நாயும் பூனையும் செய்யுமா? வட கரோலினாவில் நாற்பது வீடுகளை ஆராய்ந்தோர், நாயுள்ள வீட்டின் தலையணை உறையிற்கூட மண்ணுக்கும் நாய்க்குமுரிய பற்றீரியாக்கள் மிகுந்திருப்பதை 2013இல் எடுத்துரைத்தனர். டெற்றோயிற் பகுதிக் குழந்தைகள் 474 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் வெளிவந்தது. முதலாண்டில் இரண்டோ அதற்கு மேலோ நாய் பூனைகளுடன் வாழ்ந்தோருள், ஆறேழு வயதில் தோற்பரிசோதனையில் ஒவ்வாமை காட்டியோர் நூற்றுக்கு 15.4, பிராணியின்றி வளர்ந்தோருள் 33.6. ஒரே பிராணியுடன் வாழ்ந்தோரிடம் இவ்வேறுபாடு தோன்றவில்லை என்பதும் கருதத்தக்கது. எல்லா ஆய்வுகளும் ஒரே விடை தரவுமில்லை.

பெற்றோர் அவசரப்பட்டு நாய்க்குட்டி வாங்குவதற்கு இவை போதிய சான்றாகா. விசர்நாய்க்கடிக்கு எதிரான தடுப்பூசி போடப்படாத நாய் எவ்வீட்டிலும் இருத்தலாகாது. கருவுற்ற தாய் பூனையின் மலத்தை அகற்றும் பணியைப் பிறரிடம் விடுதல் வேண்டும். பூனையால் முன்னரே மூச்சிரைப்புக் கண்ட குழந்தைக்கோ இவ்வாராய்ச்சி எதுவும் ஆறுதல் தராது. அதன் உமிழ்நீரிலும் தோலிலும் ஊறும் புரதம், பூனை வீட்டைவிட்டு அகன்று பல மாதங்கள் சென்ற பின்னும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் தங்கியிருக்கும்.